பிரஷர் உள்ளவர் உடற்பயிற்சி தொடங்குமுன் எந்த டாக்டரைப் பார்ப்பது?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இரத்த அழுத்தம் பற்றி வரும் கடிதங்கள் பெரும்பாலும் மாத்திரையைப் பற்றியோ உப்பைப் பற்றியோதான் இருக்கும். இம்முறை வந்தவற்றில் பல, நடைப்பயிற்சியோ ஜிம்மோ தொடங்க நினைப்பவர்கள் எழுதியவை. எந்த டாக்டரிடம் போவது என்பதுதான் ஏதோ ஒரு வகையில் எல்லோருடைய கேள்வியுமாக இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 46. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு பிரஷர் 156/98 இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மருந்துக் கடையில் பார்த்தபோது 148/94 இருந்தது. இதுவரை மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை. உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. எடை 84 கிலோ. வீட்டருகில் இருக்கும் ஜிம்மில் சேரப் போனேன். டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். நேராக இதய டாக்டரிடம் போங்கள் என்கிறார் மனைவி. நடக்க ஆரம்பித்தாலே பிரஷர் இறங்கிவிடும், டாக்டரிடம் போனால் ஆயுளுக்கும் மாத்திரைதான் என்கிறார் நண்பர். நான் யாரிடம் போவது?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இப்போது நீங்கள் பார்க்கவேண்டியவர் ஒரு பொது மருத்துவர். எம்.டி. பொது மருத்துவம் படித்தவராக இருக்கலாம். அல்லது உங்கள் குடும்பத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த, அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். டாக்டராகவும் இருக்கலாம். உயர் இரத்த அழுத்தம் ஒரே நாளில் கண்டுபிடித்து ஒரே சீட்டில் முடித்துவிடக்கூடிய நோயன்று. முதல் சில மாதங்களிலாவது அடிக்கடி போய்க் காட்டி, அளவுகளை ஒப்பிட்டு, தேவைப்பட்டால் மருந்தைக் கூட்டியோ குறைத்தோ பார்க்கவேண்டியிருக்கும். உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் பயிற்சி உடம்பில் பிடிக்கப் பிடிக்க அழுத்தமும் மாறிக்கொண்டே வரும். ஆகவே, நீங்கள் தடையின்றிப் போய்வரக்கூடிய தூரத்தில், உங்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், கேட்டதற்கு நின்று பதில் சொல்கிறவராக இருக்கும் டாக்டரே உங்களுக்கு ஏற்றவர். நகரின் பெயர்பெற்ற இதய நிபுணரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் பார்ப்பதைக் காட்டிலும், அடுத்த தெரு மருத்துவரை மாதம் ஒரு முறை பார்ப்பது உங்கள் நிலையில் அதிகப் பலன் தரும்.

அவர் திறமையானவர்தானா என்பதை, அழுத்தத்தை எப்படி அளக்கிறார் என்பதிலிருந்தே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவரோடு பேசியபடி முகாமில் காட்டிய அளவை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் பாதங்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகு, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து அளக்கவேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ பயிற்சியோ இருக்கக்கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது, அதனாலும் அளவு கூடும். முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, எந்தக் கையில் அதிகமாகக் காட்டுகிறதோ அந்தக் கையிலேயே பிறகு தொடர்ந்து பார்க்கவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறையாவது அளப்பதே முறை. சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, ஒரே தடவை காற்றடித்து, 'பிரஷர் இருக்கு' என்று சொல்லி உடனே மாத்திரை எழுதுகிறவரிடம் இரண்டாம் முறை போகத் தேவையில்லை.

பெரும்பாலான நல்ல மருத்துவர்கள் உங்களை வீட்டிலும் அளந்து வரச் சொல்வார்கள். மேல்கையில் சுற்றும் மின்னணுக் கருவி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. மணிக்கட்டில் கட்டும் கருவிகள் அவ்வளவு நம்பகமானவை அல்ல. ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மற்ற நாள்களின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். அந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்று கொள்ளலாம். மருத்துவமனையில் அளக்கும்போது இந்த எல்லை 140/90. சிலருக்கு டாக்டரைக் கண்டாலே அளவு ஏறிவிடும். வீட்டில் சரியாகவே இருக்கும். வேறு சிலருக்கு டாக்டர் முன்னால் சரியாக இருக்கும், வேலை செய்யும் இடத்திலும் வீட்டிலும் ஏறியிருக்கும். இரண்டையும் பிரித்தறிய வீட்டு நோட்டைத் தவிர எளிய வழியில்லை; சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டியிருந்து தானாக அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்ப்பார்கள்.

அடுத்தது பரிசோதனைகள். முதல் கட்டத்தில் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவையும், சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதும், ஓர் இ.சி.ஜி.யும் போதும். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு எக்கோ, டிரெட்மில், சி.டி. ஆஞ்சியோ என்று முதல் நாளே இதயப் பரிசோதனைகளின் நீளமான பட்டியலைக் கொடுத்தால், இது எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். காரணம் இருக்கலாம், அதை விளக்குவது அவர் கடமை.

உடற்பயிற்சியைப் பற்றி அவர் உங்களிடம் கேட்டாக வேண்டிய கேள்விகளும் சில உண்டு. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்போ, தலைச்சுற்றலோ வருகிறதா. எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா. குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் இருக்கிறார்களா. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா. மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா. ஜிம்மில் என்னதான் செய்யப்போகிறீர்கள்? இவற்றில் ஒன்றையும் கேட்காமலும், உங்கள் கையைக்கூடத் தொட்டுப் பார்க்காமலும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர் உங்கள் வேலையை எளிதாக்குவதுபோலத் தோன்றலாம். ஜிம்காரர்களுக்குக் காகிதம் கிடைத்துவிடும். உங்களுக்கு ஒன்றும் கிடைத்திராது.

எடைப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் மேல் அளவு (156/98 என்பதில் 156) படிப்படியாக ஏறும். கீழ் அளவு அப்படியே இருக்கும் அல்லது சற்றுக் குறையும். பயிற்சி முடிந்த பிறகு சில மணி நேரத்துக்கு அழுத்தம் முன்பிருந்ததைவிடத் தாழ்ந்தே இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் எடையைத் தூக்கும்போது நடப்பது வேறு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தேர்ந்த உடற்கட்டு வீரர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாயைச் செலுத்தி நேரடியாக அளந்தார்கள். இரண்டு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளும்போது அழுத்தம் சராசரியாக 320/250 வரை போயிற்று. ஒருவருக்கு 480/350 வரை எட்டியது. அவர்கள் நோயற்றவர்கள், அந்த ஏற்றமும் சில நொடிகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே அழுத்தம் ஏறிக் கிடக்கும் ஒருவர், பயிற்சியாளர் 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று உற்சாகப்படுத்த, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத காரியம். இதனால் எடைப் பயிற்சியே கூடாது என்று கருதவேண்டாம். 10 முதல் 15 முறை சிரமமின்றித் தூக்கக்கூடிய எடையை எடுத்துக்கொண்டு, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுத்து, வாரம் இரண்டு நாள் செய்வது அழுத்தத்தைக் குறைக்கவே உதவுகிறது.

உங்கள் அளவுகளுக்கு நடைப்பயிற்சியைத் தொடங்க டாக்டரின் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. முதலில் 10, 15 நிமிடம் நடந்து, பிறகு படிப்படியாகக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு வந்து சேருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கூறும் குறைந்தபட்ச அளவு அதுதான். கடினமான ஓட்டம், கனமான எடை ஆகியவற்றை மட்டும் அழுத்தம் கட்டுப்படும் வரை தள்ளிவைக்கவேண்டும். மேல் அளவு 160க்கு மேல் இருக்கும்போது தீவிரமான பயிற்சி வேண்டாம் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டுதல். ஓய்வாக இருக்கும்போதே 180/110ஐ எட்டினால் பயிற்சியை நிறுத்திவைத்து டாக்டரைப் பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய்க் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எந்த டாக்டர் என்று யோசிக்காமல் 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்.

இனி உங்கள் நண்பரின் கருத்துக்கு வருவோம். ஒழுங்காக நடப்பவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 வரை குறைகிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்பது இன்னொரு கணக்கு. உப்பையும் சேர்த்துக் குறைத்தால் 148இல் இருப்பவர் மாத்திரையின்றியே 140க்குக் கீழே வர வாய்ப்புண்டு. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு சிக்கல்கள் இல்லாதவருக்கு மூன்று மாதம் இப்படி முயன்று பார்க்க நல்ல மருத்துவர்கள் அவகாசம் தருவார்கள். அதன் பிறகும் குறையாவிட்டால் மாத்திரை வேண்டும். அதைத் தண்டனையாக நினைக்க வேண்டியதில்லை. எடை குறைந்து, பயிற்சியும் நிலைபெற்றால் மாத்திரையின் அளவைக் குறைத்தவர்கள் பலர் உண்டு. அதை டாக்டரின் கண்காணிப்பில் செய்யவேண்டும்.

இதய நிபுணரைப் பார்க்கவேண்டிய நிலைமையும் உண்டு. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ படபடப்போ வந்தாலும், இ.சி.ஜி.யில் இதயத் தசை தடித்திருப்பதற்கான அறிகுறி தெரிந்தாலும், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டாலும், ஏற்கெனவே இதய நோய் இருந்தாலும் உங்கள் பொது மருத்துவரே கடிதம் எழுதி அனுப்பிவைப்பார். அப்படிப் போகும்போது எதற்காகப் போகிறோம் என்ற தெளிவோடு போவீர்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். இரத்த தானம் செய்யப் போன இடத்தில் பிரஷர் 152/100 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அப்படித்தான் காட்டும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டரைப் பார்க்கலாமா?
— சென்னை வாசகர்

பதில்: உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஓய்வு நேரத்தில் அப்படிக் காட்டக்கூடாது. ஒன்றை மட்டும் முதலில் சரிபார்த்துவிடுங்கள்: உங்கள் புயம் பருத்திருந்து, சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றியிருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டையை வைத்து, வேறொரு நாளில், பயிற்சி செய்யாத நேரத்தில் அளந்து பாருங்கள்.

அப்போதும் அதே அளவு இருந்தால், ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் அல்ல, பொது மருத்துவரே முதலில் பார்க்கவேண்டியவர். நடுவயதில் வரும் உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. ஆனால் 30 வயதுக்குள் வந்தால், அதற்குப் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடியாகவேண்டும். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் அடைப்பு, அட்ரீனல் சுரப்பியின் மிகைச் சுரப்பு, பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் சுருங்கியிருத்தல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் வேண்டாம். கையிலும் காலிலும் நாடியைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தாலே மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். உங்கள் காலின் நாடியைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சிறுநீரில் புரதமோ கிரியாட்டினின் உயர்வோ இருந்தால் சிறுநீரக நிபுணரிடமும், பொட்டாசியம் குறைந்திருந்தாலோ, தலைவலியும் வியர்வையும் படபடப்பும் ஒருசேர விட்டுவிட்டு வந்தாலோ நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடமும் அவர் அனுப்புவார்.

இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஜிம்மில் யாராவது கொடுத்த ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டீர்களா? தசையை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும்; இதயத் தசையையும் கெடுக்கும். பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கும் தூள்களில் காபியைவிடப் பல மடங்கு கஃபைன் இருப்பதுண்டு. உடம்பு வலிக்கு அடிக்கடி போட்டுக்கொள்ளும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவையும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவைதான். டப்பாக்களையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேசைமேல் வையுங்கள். வீட்டாரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் மறைக்கக்கூடாது. காரணம் தெரியும் வரை கனமான எடைகளை விட்டுவிட்டு மிதமான ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. பிரஷரும் சர்க்கரையும் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாமல் இருந்தவர், இப்போது தினமும் நடக்கவேண்டும் என்கிறார். இதய டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். வெறும் நடைக்கு இது தேவைதானா? பணம் பிடுங்கும் வேலையோ என்று சந்தேகமாக இருக்கிறது.
— திருச்சி வாசகர்

பதில்: உங்கள் தந்தையின் விஷயத்தில் இதய டாக்டர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை நோயும் உள்ளவர், நீண்ட காலம் அசையாமல் இருந்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குகிறார் என்றால், இதயத்தின் தாங்கும் திறன் எவ்வளவு, எந்த வேகத்தில் இரத்த ஓட்டம் போதாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன்தரும். டிரெட்மில் என்னும் நடை இயந்திரத்தில் கிடைக்கும் நாடித் துடிப்பை வைத்தே, இவ்வளவு வேகத்தைத் தாண்டவேண்டாம் என்று அவர் எல்லை வகுத்துத் தரமுடியும். இதய மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவு உள்ள மருத்துவமனை அருகில் இருந்தால், முதல் சில வாரங்கள் அங்கே இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்குவது இன்னும் நல்லது.

அதே சமயம், இரத்த அழுத்தம் மட்டுமே உள்ள, எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் மிதமாக நடப்பதற்கு டிரெட்மில் டெஸ்ட் வேண்டும் என்று யாராவது சொன்னால் நீங்கள் சந்தேகப்படுவது சரியாக இருக்கும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு, பயிற்சிக்கு முந்தைய பரிசோதனை பற்றிய தன் விதிகளை 2015இல் மாற்றியமைத்தது. அதற்கு முன்பு பிரஷர், கொழுப்பு, புகைப்பழக்கம் என்று ஆபத்துக் காரணிகளை எண்ணிப் பார்த்து டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது பார்ப்பவை: ஏற்கெனவே பயிற்சி செய்து பழகியவரா, இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரக நோய் ஏதேனும் இருக்கிறதா, அவற்றுக்கான அறிகுறிகள் தெரிகின்றனவா, எவ்வளவு தீவிரமான பயிற்சியைச் செய்ய விரும்புகிறார்? தேவையில்லாதவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தால், இல்லாத அடைப்பு இருப்பதுபோல் காட்டி, ஆஞ்சியோகிராம் வரை இழுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது. பெண்களிடமும், பிரஷரால் இதயத் தசை தடித்தவர்களிடமும் இந்தத் தவறான முடிவு அதிகம்.

கேள்வி: நான் 57 வயது இல்லத்தரசி. பிரஷருக்கு அடெனலாலும், சிறுநீர் பிரியும் மாத்திரையும் கலந்த ஒரே மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறேன். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தில் நடக்கும்போது நாடித் துடிப்பு 110க்கு மேல் போகவேண்டும் என்று வருகிறது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 95ஐத் தாண்டுவதில்லை. வெயில் நேரத்தில் நடந்து வந்து நின்றால் கண் இருட்டுகிறது. இதற்கு இதய டாக்டரைப் பார்க்கவேண்டுமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடமே போங்கள், அம்மா, இது மாத்திரையோடு தொடர்புள்ளது. அடெனலால், மெட்டோப்ரலால் போன்ற மருந்துகள் நாடித் துடிப்பை அடக்கிவைப்பவை. 220இலிருந்து வயதைக் கழித்துக் கணக்குப் போடும் கடிகாரத்துக்கு நீங்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடுவது தெரியாது. அது சொல்வதைக் கேட்டு ஓடவேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது; அந்த வேகம் உங்களுக்குப் போதும்.

கண் இருட்டுவதை மட்டும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். சிறுநீர் பிரியும் மாத்திரையாலும் வியர்வையாலும் நீர் குறைந்து, திடீரென்று நிற்கும்போது இரத்தம் கால்களிலேயே தங்கிவிடுவதால் இப்படி ஆகலாம். உட்கார்ந்தும் எழுந்து நின்றும் இரத்த அழுத்தத்தை அளந்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து, மருந்தை மாற்றவேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். அதுவரை காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து பிறகு நில்லுங்கள். உங்கள் டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தாலன்றி, கிளம்புமுன் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நடக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். அடெனலாலைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும், நெஞ்சுவலியும் வரக்கூடும்.

நடக்கும்போதே கண் இருட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ அது வேறு விஷயம். அப்போது இதய டாக்டரைத் தாமதிக்காமல் பார்க்கவேண்டும்.

கேள்வி: விசைத்தறியில் வேலை செய்கிறேன், வயது 52. பிரஷர் மாத்திரை அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. தனியார் டாக்டரிடம் போக வசதியில்லை. உடற்பயிற்சி பற்றி யாரிடம் கேட்பது?
— ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர் மாத்திரை தருவதோடு அழுத்தத்தையும் அளந்து பார்ப்பார். அந்த அளவை நீங்கள் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். மாத்திரை வாசலுக்கே வருவதால் டாக்டரைப் பார்க்காமலேயே வருடக் கணக்கில் ஓட்டிவிடுகிற பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. பயிற்சி தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய், அங்குள்ள மருத்துவ அலுவலரிடம் நோட்டைக் காட்டுங்கள். தொற்றா நோய்ப் பிரிவில் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இ.சி.ஜி., கிரியாட்டினின் ஆகியவற்றுக்குத் தேவைப்பட்டால் வட்ட மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். மேலே கோவை வாசகருக்குச் சொன்னவற்றில் உங்களுக்குத் தேவையான அனைத்தையும் அங்கே காசில்லாமலே பெறலாம்.

தறி முன்னால் நாள் முழுக்க நிற்பதே பயிற்சிதானே என்று உங்கள் தோழர்கள் சொல்லக்கூடும். நிற்பது கால்களுக்கு அலுப்பைத் தரும். இதயத்துக்கு நடை தரும் பலனைத் தராது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் போதும். இரவுப் பணி இருக்கும் வாரங்களில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடக்கவேண்டாம்.

கேள்வி: பிரஷர் உள்ளவர் சிரசாசனம் செய்யலாமா? யோகா மாஸ்டரே போதுமா, டாக்டரையும் கேட்கவேண்டுமா?
— மதுரை வாசகர்

பதில்: அழுத்தம் கட்டுக்குள் வரும் வரை தலைகீழ் ஆசனங்களும், வேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். கண்ணில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களை அறவே தவிர்க்கவேண்டும். எளிய ஆசனங்களுக்கும் மெதுவான மூச்சுப் பயிற்சிக்கும் நல்ல ஆசிரியரே போதும். உங்களுக்கு பிரஷர் உண்டு என்பதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரிடம் கற்கவேண்டாம்.

கேள்வி: நான் பார்க்கும் டாக்டர் நல்லவர்தான். ஆனால் எப்போது போனாலும் பழைய சீட்டையே திரும்ப எழுதித் தருகிறார். உடற்பயிற்சி பற்றிக் கேட்டால், 'நடங்க, நல்லது' என்பதோடு சரி. டாக்டரை மாற்றலாமா? மாற்றினால் அவர் தவறாக எடுத்துக்கொள்வாரா? 'பி.பி. ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை வைத்திருப்பவரிடம் போகலாமா?
— நாகர்கோவில் வாசகி

பதில்: மாற்றுமுன் ஒரு முறை கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கூட்டம் நிறைந்த மாலை நேரத்தில், கதவருகே நின்றுகொண்டு கேட்கும் கேள்விக்கு எந்த டாக்டரும் நீளமாகப் பதில் சொல்லமாட்டார். என் அழுத்தத்தை எந்த அளவுக்குக் கொண்டுவர நினைக்கிறீர்கள்? நான் சாப்பிடும் மாத்திரை பயிற்சியின்போது என்ன செய்யும்? எந்த அறிகுறி வந்தால் பயிற்சியை நிறுத்தவேண்டும்? எத்தனை வாரம் கழித்துத் திரும்ப வரவேண்டும்? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, கூட்டம் குறைவான நேரம் கேட்டுப் போங்கள். இதற்குப் பிறகும் 'நடங்க, நல்லது' என்றே பதில் வந்தால் தாராளமாக மாற்றலாம். நோயாளி இன்னொருவரின் கருத்தைக் கேட்பதை முதிர்ந்த மருத்துவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டாலும் அது உங்கள் கவலை அல்ல.

பலகையைப் பொறுத்தவரை, இரத்த அழுத்தத்துக்கென்றே தனியாக டி.எம். (எம்.டி.க்கு மேல் படிக்கும் சிறப்புப் பட்டம்) நம் நாட்டில் கிடையாது. குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. அவற்றைப் படித்த நல்ல மருத்துவர்களும் உண்டு. ஆகவே பலகையில் உள்ள அடைமொழியை விட்டுவிட்டு அடிப்படைப் பட்டத்தைப் பாருங்கள். பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் குறிப்பிடவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் உள்ளது. சீட்டில் எண் இல்லாவிட்டால் கேட்கலாம். தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கவும் முடியும். புதிய டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டுகள், இ.சி.ஜி. தாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டைகள், வீட்டில் அளந்து எழுதிய நோட்டு ஆகியவற்றோடு போங்கள். அன்று காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டே போங்கள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டியிருந்தாலும் பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம்.